வேர்க்கும் விரல்கள்

விரல் நுனிகளில் ரப்பர் உறை ஏறியது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பிறகு இடுக்கி, திறந்து கிடந்த கைக்கடிகாரத்துக்குள் இறங்கி ஓர் எஃகுச் சக்கரத்தைத் தூக்கியது. அதன் மேல் செந்துரு. உருப்பெருக்கியில் பார்த்தால் கோடு கோடாக, விரல்ரேகை போல இருந்தது. போல என்ன போல, அவளுடைய ரேகையேதான்.

இரண்டு மாதம் முன்பு ஒரு பஸ் ஓட்டுநருக்கு அவள் பழுதுபார்த்துக் கொடுத்த கடிகாரம் அது. உதிர்ந்த துரு பற்களில் சிக்கி, நின்றுபோய்த் திரும்பி வந்திருந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் கைவேலைக்கு இப்படி ஆனதில்லை.

முன்மேசையில் பட்டை மாற்றிக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

“அந்த மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்துதானே இந்த வேர்வை?”

“ஆமா.”

“நிறுத்தித் தொலையேன். நோயே வராதவளுக்கு எதுக்குக்கா மருந்து?”

“வராம இருக்கத்தான்.”

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். சித்தி பிழைத்தாள், அம்மா பிழைக்கவில்லை. அக்கா தங்கை இருவரையும் உட்காரவைத்து மருத்துவர் சொன்னார்: உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம். வாய்ப்பைக் குறைக்கும்; அடியோடு ஒழிக்காது. உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்க்கும். அபூர்வமாக ரத்தம் உறையவும் கூடும். முடிவு உங்களுடையது. தங்கை, வருஷா வருஷம் பரிசோதனை போதும் என்றாள். அக்கா ஒரு வாரம் யோசித்து, மாத்திரை என்றாள்.

“நின்னுபோன வாட்ச் மட்டுமா நம்மகிட்ட வருது? ஓடுற வாட்சையும்தான் எண்ணெய் போடக் கொண்டு வர்றாங்க.”

“வாட்சுக்கு வேர்க்காதே!” தங்கை விடுவதாயில்லை. “பேசாம, வேர்வையில குளிச்ச கை வாட்ச் கடைன்னு போர்டு மாட்டிடலாம்.”

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்போடு கழுத்தில் சூடு ஏறியது. மின்விசிறி போட முடியாது, தூசி பறக்கும். இடுக்கியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முகம் கழுவி, கையை ஒற்றி, புது உறை மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மணி நேர வேலைக்கு இனி இரண்டு மணி நேரம். ஆகட்டும். மாத்திரையையும் விடப்போவதில்லை, இடுக்கியையும் விடப்போவதில்லை.

மாலையில் ஓட்டுநர் வந்தார்.

“என்னம்மா, என் வாட்ச் அவ்வளவுதானா?”

“வாட்ச் நல்லாத்தான் இருக்கு அண்ணே. என் கை வேர்வை பட்டுத் துரு பிடிச்சிருக்கு. தப்பு என்னோடது. வேற சக்கரம் போட்டுட்டேன்.”

“வேர்வையா? நான் ஸ்டியரிங்ல கொட்டுற வேர்வைக்கு இந்நேரம் பஸ்ஸே கரைஞ்சிருக்கணுமே!”

“இனிமே உறை போட்டுத்தான் தொடுவேன். அடுத்த மாசம் கொண்டாங்க, ஒரு தடவை திறந்து பாத்துடறேன்.”

“நல்லா ஓடினாலுமா?”

“நல்லா ஓடினாலும்தான்.”

முன்மேசையில் தங்கை தலைதூக்காமல் சிரித்தாள். அக்கா, உறை கழற்றாத விரல்களாலேயே கடிகாரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.