பிடியரிசிப் பெட்டியும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் உறவினருக்கும் சபையாருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் இலகுவில் நம்புகிறவன் அல்ல. ஒருவர் தியாகம் என்று வாயெடுத்தால், இவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். பிரசங்கத்தையும் அப்படித்தான் கேட்பேன். உடன்பிறந்த அக்காவையும் அப்படித்தான் பார்த்தேன்.

அக்கா பெரியகல்லாற்றில் பிறந்தார். அப்பா வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. மிஷன் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்று, தையல் பழகி, கடைசிவரை அந்தத் தையலிலேயே வாழ்ந்தார். கலியாணம் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. தம்பிக்காகவே வேண்டாம் என்றார் என்று ஊர் சொல்லும். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமலே சொல்லிக்காட்டுகிறாரோ என்று அதையும் சந்தேகித்தவன் நான்.

ஞாயிறு பாடசாலையில் அக்கா வேதம் படிப்பித்தார். தாம் மகிமைப்படும் வேளை வந்துவிட்டது என்று இயேசு சொல்லும் பகுதியை அவர் படிப்பித்த ஒருநாள், வீட்டுக்கு வந்து அவரோடு வாதாடினேன்.

"சிலுவையில தொங்குறதும் ஒரு மகிமையா அக்கா? தோத்துப்போனத வெண்ட மாதிரி எழுதி வச்சிருக்காங்க."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு அதப் பாத்து நிண்ட சனம் என்ன நினைச்சிருக்கும் தம்பி? இவன் என்னமோ குற்றம் செஞ்சவன் எண்டுதானே? உசிரக் குடுத்தது ஒரு பக்கம். நல்ல பேரையும் சேத்தெல்லோ குடுத்தார். அது ஆருக்கும் லேசில ஏலாது."

தையல்காரிக்கு இவ்வளவு பிரசங்கம் எதற்கு என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

எங்கள் சபையில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். சனிக்கிழமைகளில் அக்கா வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து, தன் வீட்டுத் தகரப்பெட்டியில் கொட்டிவைப்பார். பல வீட்டு அரிசி என்பதால் சிவப்பும் வெள்ளையும், பச்சையும் புழுங்கலுமாய்க் கலந்து கிடக்கும். அறுப்புப் பண்டிகையன்று எல்லோரும் பார்க்க அதைப் பலிபீடத்துக்கு முன் பாயில் குவிப்பார்கள். பிறகு இல்லாதவர்களின் பெயர்களைப் போதகர் வாசிக்க, அவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். அந்தப் பட்டியலில் தம் பெயர் வருவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைத்த வீடுகளும் இருந்தன. என் வீடு அவற்றில் ஒன்று.

பெருவெள்ளம் வந்த வருடம், படுவான்கரை வட்டையில் எனக்கிருந்த வயல் முழுக்க மண்மூடிப் போயிற்று. வீதிகள் உடைந்து கடைகளில் அரிசி இல்லை. நிவாரணம் கொடுத்த இடத்தில் வரிசையில் நிற்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தேன். அப்போது எங்களுக்குக் கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். ஆனாலும் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. தன்னாமுனையில் இருக்கும் தன் தம்பி அரிசி கொடுத்தனுப்புகிறான் என்றார் மனைவி.

அந்த வருடம் பண்டிகையில் அக்கா கொட்டிய அரிசி பாயின் நடுவை மூடவும் காணாது. கோயில் முழுக்க முணுமுணுப்பு. ஆராதனை முடிந்து கூடிய கூட்டத்தில் போதகர் மெதுவாகக் கேட்டார்.

"மிச்சம் எங்க அக்கா?"

"குடுத்திட்டன் ஐயா."

"ஆருக்கு?"

"பசிச்ச வீட்டுக்கு. பேர் சொல்ல மாட்டன்."

முதலில் எழுந்தவன் நான்தான். தம்பி என்பதால் பூசி மெழுகுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதல்லவா? "பேர் சொல்லாட்டி அக்கா பொறுப்ப விடட்டும்" என்றேன். அக்காவே தின்றிருப்பார் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தேன். அக்கா பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு பெட்டிப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து என் கையிலேயே தந்தார். நீதிமான் என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுப்பது குறைந்தது. ஞாயிறு பாடசாலைக்கும் வேறொருவர் வந்தார். அக்கா கோயிலுக்கு வருவதை ஒரு ஞாயிறும் நிறுத்தவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து பாடிவிட்டுப் போவார். அதிலும், குற்றமுள்ள மனம் பின்னால்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கடைசி நாட்களில் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மனைவி அவரைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஒரு மத்தியானம் கட்டிலருகில் இருந்து, "இப்பவாவது சொல்லுங்க அக்கா, அந்த அரிசி ஆருக்குப் போன?" என்று கேட்டேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீ சாப்பிட்டியா தம்பி?" என்றார்.

பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குக் கோபம். பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டேன். மறுநாள் விடிய அக்கா கண்மூடினார்.

இந்த மலருக்காக நான் முதலில் எழுதிய கட்டுரை வேறு. அக்காவிடம் ஒரு சிறு தவறு நேர்ந்தது, அதை நாங்கள் என்றோ மன்னித்துவிட்டோம் என்று பெருந்தன்மையாக எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"அந்தத் தாள இஞ்ச தாங்க" என்று வாங்கி இரண்டாகக் கிழித்தார். "மன்னிக்கிறதுக்கு நீங்க ஆர்? அந்த அரிசியத் திண்டது நாமதான். தெரிஞ்சா நீங்க சோத்துக் கோப்பையத் தள்ளிப்போட்டு எழும்பிருவீங்க, புள்ளைகளும் பட்டினி கிடக்கும் எண்டு உங்கட அக்கா என்னட்டச் சத்தியம் வாங்கினா. கூட்டத்தில நான் எழும்பப் போன நேரமும் தலையாட்டித் தடுத்திட்டா."

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த நாட்களில் என் கோப்பையில் இருந்த சோறு ஒரு பருக்கை குழைந்தும் ஒரு பருக்கை வேகாமலும், சிவப்பும் வெள்ளையுமாய் இருந்தது. என்ன சோறு இது என்று மனைவியைக் கடிந்தும் இருக்கிறேன். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகித்த எனக்கு என் கோப்பையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. என் நல்ல பெயருக்காக அக்காவைப் பலிகொடுத்தேன். அக்கா எனக்காகத் தன் நல்ல பெயரைக் கொடுத்துவிட்டு, கடைசி வாங்கில் உட்கார்ந்து பாடினார். மகிமை என்று அவர் படிப்பித்தது இதைத்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், இப்போது நம்புகிறேன்.

நோயில் பார்த்தவர்களுக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும், செபித்த போதகருக்கும், காத்தான்குடியிலிருந்து அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்ற, அக்காவுக்குத் தைக்கத் துணி கொடுத்துவந்த வியாபாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சபையாரே, அன்று நீங்கள் கேட்ட பெயர் என்னுடையது. அதை இந்த ஆராதனையில் போதகர் உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இனி ஒரு பதில் மட்டும் பாக்கி. ஓம் அக்கா, நான் சாப்பிட்டேன்.

— தம்பி