ஒன்பது நாள் என் வாயில் இருந்த பல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம், திருச்செந்தூர் லாட்ஜ் அறை ஒன்றில் மத்தியான நேரத்தில் நான் செய்த காரியம் இது. செய்யும்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

நானும் என் நண்பரும் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலையில் முப்பது வருடம் ஒன்றாகக் கிடந்தவர்கள். ஒரே பொட்டலத்து வெற்றிலை புகையிலையைப் போட்டு, ஏறக்குறைய ஒரே வேகத்தில் பல்லைத் தொலைத்தோம். ஓய்வு பெற்ற பிறகு ஒரே டாக்டரிடம், ஒரே வாரத்தில், மேலும் கீழும் முழு பல்செட் வைத்துக்கொண்டோம். பல் எப்படி வேண்டும் என்று டாக்டர் கேட்டார். "பொண்ணு பாக்கப் போற மாதிரி வைங்க" என்றேன் நான். டாக்டர் சிரிக்கவில்லை. நண்பர் மட்டும் முன்பல் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் சந்து விடச் சொன்னார். அவருடைய சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. 'ச' வருகிற வார்த்தை எதைச் சொன்னாலும் அந்தச் சந்து வழியே மெல்லிய விசில் ஒன்று கூடவே வரும்.

"அது இல்லாட்டா எம் பொண்டாட்டிக்கு என்னய அடையாளம் தெரியாதுவே" என்றார் என்னிடம்.

அன்று திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டு, லாட்ஜில் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். ஜன்னல் ஓரத்தில் இரண்டு தம்ளர், தண்ணீருக்குள் இரண்டு பல்செட். அவர் குறட்டை விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தூக்கம் வராவிட்டால் யாருக்காவது கஷ்டம் என்று என் வீட்டில் சொல்வார்கள். எழுந்து பல்லைத் தம்ளர் மாற்றிப் போட்டேன்.

அவர் எழுந்து மாட்டிப் பார்த்து, என்னை நாலு வசவு வைய வேண்டும், நான் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். அவர் எழுந்தார், மாட்டினார், நாக்கால் ஒரு முறை துழாவிப் பார்த்தார். பிறகு துண்டை வாயில் பொத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் வீடு இருக்கும் முத்தையாபுரம் ஸ்டாப்பில் இறங்கும்போது, உதட்டைத் திறக்காமல் சிரித்துக் கையை ஆட்டினார். அவராக வாய் திறக்கட்டும், அதுவரை நானும் திறப்பதில்லை என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

அவருடைய பல் என் ஈறைக் கடித்தது. ஒட்டுகிற பசை தடவிச் சமாளித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி இரண்டு தம்ளர் காபியோடு வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்க, உங்க சேக்காளி வந்தாகளே? இப்பம் பேச்சு கேட்டுச்சே."

யாரும் வரவில்லை என்று சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள். நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க" என்றாள். "நீங்க சிரிச்சா அவுக சிரிக்க மாதிரி இருக்கு."

இரண்டாவது காபி ஆறிப்போய், ஆடை கட்டி, அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு சவரம் செய்யும்போது நான் கண்ணாடி முன் வாயைத் திறப்பதில்லை. மூடினால் நான், திறந்தால் வேறு ஆள். அப்போதாவது பல்லைக் கழற்றித் தாளில் பொதிந்துகொண்டு முத்தையாபுரத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தோற்கக் கூடாதே.

ஏழாம் நாள் அவரைக் கிண்டிப் பார்க்கலாம் என்று போன் போட்டு, பொரிச்ச பரோட்டா சாப்பிடக் கூப்பிட்டேன்.

"வயிறு ஒரு மாதிரி இருக்குவே" என்றார். குழைந்த பேச்சு. என் பல் அவரை நன்றாக வேலை வாங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

"வேற ஏதும் சொல்லணுமாவே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

 அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை அவர் மருமகன் கூப்பிட்டான். மாமா காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், அப்படியே போய்விட்டார் என்றான்.

நான் போய் இறங்கியபோது உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற மருமகனிடம், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன். மூன்று 'ச'. மூன்று விசில்.

உள்ளே அழுகை அப்படியே நின்றது.  நண்பரின் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்.

"அவுக பேச்சுல்லா கேட்டுச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "அண்ணாச்சி, இன்னொருக்க பேசுங்க."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். துறைமுகம் முழுக்கச் சிரிக்க வைத்த நான் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் பேசப்போவது நான் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. 

உள்ளே அவரைப் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். கன்னம் குழிந்து, உதடு உள்ளே போய், முகமே மாறிக் கிடந்தது. மருமகன் கையில் ஒரு தம்ளர். அதற்குள் என் பல்.

"ரெண்டு தடவ வச்சுப் பாத்துட்டேன், உக்கார மாட்டேங்குது" என்றான்.

தாடைக்கட்டு போட வந்தவர் துணியோடு காத்திருந்தார். "சீக்கிரம் பாருங்க. தாடை வெறச்சிட்டுன்னா பெறகு ஒண்ணும் செய்ய முடியாது."

"இந்த மூஞ்சியோட நான் அனுப்ப மாட்டேன்" என்றார் அந்தம்மா. "இது யாரு மூஞ்சியோ."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில்கூடப் பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உயிர் போனால் ஈறு சுருங்கிவிடும் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

துண்டால் வாயை மறைத்துக்கொண்டு மேல் செட், கீழ் செட் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். என் கையில் அவர் சிரிப்பு இருந்தது, நடுச்சந்தோடு. மன்னிப்புக் கேட்டேன். பொக்கை வாயில் அது கூழாகத்தான் வந்தது.

அந்தம்மா என் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். "தெரியும் அண்ணாச்சி. திருச்செந்தூர்லயே அவுகளுக்குத் தெரியும். ஒம்போது நாளா பல்லு போடல, வெறும் கஞ்சிதான். நான் போன் போடுதேன்னாலும் விடல. 'அவன் வாயால சொல்லட்டும்ளா, அதுவரைக்கும் நான் பொக்கையாவே இருந்துக்கிடுதேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. அதான் இப்பவும் நான் வாயத் தொறக்கல."

கழுவி வைத்தார்கள். பட்டென்று உட்கார்ந்தது. கன்னம் எழும்பியது, உதடு வெளியே வந்தது, அதன் ஓரம் லேசாக வளைந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர் சிரித்த அதே சிரிப்பு. பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, தோற்றவன் வந்து சேரக் காத்திருந்தவரைப் போல இருந்தார். அந்தம்மா முகத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஓங்கி அழுதார்.

என் பல் தம்ளரிலேயே கிடந்தது; அன்று முழுவதும் நான் பல் இல்லாமல் நின்றேன். இருபது வருடம் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் என்னைக் கடந்து போய், "ஆமா, அவன் இன்னும் வரலையா?" என்று என்னைப் பற்றியே மருமகனிடம் விசாரித்தார். 

என் பல்செட் இப்போது என் வாயில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. சந்து கிடையாது. விசில் வர வழியே இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் சில சாயங்காலங்களில் நான் போன் பேசி முடிக்கும்போது, என் மனைவி இரண்டு தம்ளர் காபியோடு அடுக்களை வாசல் வரை வந்து, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாள். இப்போதெல்லாம் யாரிடம் தப்பு செய்தாலும் பொழுது சாய்வதற்குள் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். 'செஞ்சது நான்தான்' என்று சொல்லும்போது, அந்த 'ச'வில் மெல்லியதாக ஒரு விசில் கேட்கிறதா என்று இன்றும் என் காது காத்திருக்கிறது.