வாப்பா கேன்சலில் வந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் படிக்கும் மகள் நஸ்ரின் வீட்டுக்கு வந்திருந்தாள். சோபாவில் கால் நீட்டிப் படுத்து மொபைலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"உம்மா, அந்தப் பாட்டுக்காரரை எல்லாரும் கேன்சல் பண்ணிட்டாங்க."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "அப்படியா? எப்ப ஊருக்கு வாராராம்?"

எழுந்து உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள்... அப்படி ஒரு சிரிப்பு. பிறகு பொறுமையாக விளக்கினாள். பிரபலமான ஒருவர் தப்பாக ஏதாவது பேசிவிட்டால், இனி அவர் பாட்டைக் கேட்பதில்லை, அவரைப் பற்றிப் பேசுவதில்லை என்று எல்லோருமாக ஒதுக்கி வைப்பதற்கு இப்போது அதுதான் பெயராம்.

என் தப்பா? எனக்குத் தெரிந்த கேன்சல்கள் வேறு. ட்ரெயின் கேன்சல். டியூஷன் கேன்சல். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் நாலு நாள் கழித்து போனில் இழுத்து இழுத்துச் சொல்லும் கேன்சல். பேங்கில் கேட்கும் கேன்சல் செக் இன்னும் வேடிக்கை. நல்ல செக்கை நீட்டினால் வேண்டாம் என்பார்கள். குறுக்கே கோடு போட்டுக் கெடுத்துக் கொடுத்தால்தான் நம்புவார்கள். ரத்து, நிறுத்தம், முறிவு, தள்ளுபடி என்று தமிழில் இடத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் ஒரே கேன்சலில் முடித்துவிடுகிறோம்.

ஆனால் கீழக்கரையில் பிறந்தவளுக்கு அந்த வார்த்தையின் முதல் அர்த்தம் வேறு. வெளிநாட்டு வேலையை விட்டு, விசாவை ரத்து செய்துகொண்டு, ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வந்தால் அது லீவு. திரும்பிப் போகாமல் வந்தால், கேன்சல்.

என் வாப்பா துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். எனக்கு அவர் லீவு வாப்பாதான். வரும்போது வீடு முழுக்கச் சென்ட் வாசம். போகும்போது உம்மாவின் கண் வீங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கார் ஏறும் முன் என் தலையில் கை வைத்து ஒரே வசனம் சொல்வார்.

"அடுத்த வாட்டி கேன்சல் பண்ணிட்டு வந்துர்றேன் புள்ள."

மாடி கட்ட வேண்டியிருந்தது, கேன்சல் தள்ளிப்போனது. லாத்தாவுக்கு, என் அக்காவுக்கு, கல்யாணம் வந்தது, மறுபடியும் தள்ளிப்போனது. உலகத்துக்கே கெட்ட செய்தியாக இருக்கும் ஒரு வார்த்தையை, நானும் உம்மாவும் பெருநாள் பிறைக்குக் காத்திருப்பதுபோல எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது வந்தபோது எனக்கு வயது பதினேழு. பிளஸ் டூ முடித்திருந்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்கு என்று புதுப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், முன்கூட்டிச் சொல்லாமல் வாப்பா வாசலில் வந்து நின்றார். சிகரெட் வாசமும் பயணக் களைப்பும்தான் இருந்தன. சென்ட் வாசம் இல்லை.

"கேன்சல் பண்ணிட்டேன்" என்றார். "போதும். இனிமே இங்கனதான்."

உம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்க, "எங்க வீட்டுல அவுக கேன்சல்ல வந்துட்டாக" என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மதுரை வேண்டாம், ராமநாதபுரத்திலேயே ஏதாவது காலேஜில் சேர்ந்துகொள், தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்றார். வீட்டை இனி எப்படி ஓட்டுவது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

எனக்கு வந்த கோபம்... அதை இப்போது எழுதவே கூசுகிறது.

"உங்கள யாரு கேன்சல் பண்ணிட்டு வரச் சொன்னது? இன்னும் மூணு வருஷம் இருந்திருக்கலாம்ல?"

உம்மா அடுப்படியிலிருந்து, "அடியே" என்று அதட்டினார். வாப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துபோனார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார்.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் போட்டார். நான் ராமநாதபுரத்தில் காமர்ஸ் படித்தேன். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் எனக்குள் அது ஆறவும் இல்லை. மதுரை பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம், கொஞ்சம் பொறுத்திருக்கலாமே இந்த மனுஷன் என்று தோன்றும். இருபத்தெட்டு வருடம் அப்படியே போயிற்று.

போன மாதம் கருப்பையா அண்ணன் வந்தார். சிக்கல் என்ற ஊரில் விவசாயம் பார்ப்பவர். ஒரு காலத்தில் துபாயில் வாப்பாவோடு ஒரே ரூமில் இருந்தவர். பேரனுக்குக் காதுகுத்து, பத்திரிகை கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு பை நிறைய குண்டு மிளகாய். வாப்பா தொழப் போயிருந்தார். நான் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பேச்சு பழைய ரூமுக்குப் போனது. யார் சமையல், யார் குறட்டை என்று சிரித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வாப்பாவக் கேன்சல் பண்ணினாங்கள்ல, அன்னைக்கு எங்க ரூம்ல ஒருத்தரும் சாப்பிடலம்மா."

"பண்ணினாங்களா?" என்றேன். "அவர்தானே பண்ணிட்டு வந்தாரு?"

"அவரு எங்க பண்ணினாரு? கடை கைமாறிருச்சு. புது மொதலாளி பழைய ஆளுக அஞ்சு பேத்த ஒரே நாள்ல தூக்கிட்டான். உங்க வாப்பா கெஞ்சிப் பாத்தாரு. மக காலேஜ் போறா, ஒரு மூணு வருஷம் மட்டும் விடுங்கன்னு. அவன் காதுலயே வாங்கல." டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதாம்மா?"

பண்ணிட்டேன். பண்ணிட்டாங்க. கடைசி இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம்.

நான் கேட்ட அதே மூன்று வருடத்தைத்தான் அவரும் கேட்டிருக்கிறார். கேட்டது கிடைக்காமல் வந்து நின்றவரிடம் நானும் அதையே கேட்டிருக்கிறேன்.

கருப்பையா அண்ணன் போன பிறகு வாப்பாவிடம் போனேன். எழுபத்து மூன்று வயது. தொழுதுவிட்டு வந்து, அந்த மிளகாயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் வாப்பா எங்கிட்டச் சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கை நிற்கவில்லை.

"கருப்பையா சொன்னானா? அவனுக்கு வாய்ல பூட்டு கெடையாது."

"நான் அவ்வளவு பேசினேனே. அப்பயாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா நீ எரக்கப்பட்டிருப்ப" என்றார். "பெத்த புள்ள நம்மளப் பாத்து எரக்கப்படுறதுக்கு, கோவப்படுறதே தேவல."

அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். என் வயதில் அப்படிச் சாய்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மன்னிப்பு என்று எதுவும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

"சரி சரி, வெலகு. மொளகா கை. கண்ணுல பட்டுறப் போகுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் ஊரில், "கேன்சல் பண்ணிட்டு வந்தார்" என்று பெரும்பாலும் சொல்வதில்லை. "கேன்சல்ல வந்திருக்கார்" என்பார்கள். பண்ணியது யார் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. இத்தனை வருடம் அதை அவசரத் தமிழ் என்று நினைத்திருந்தேன். அது மரியாதை.

இன்னொன்றும் கவனித்தேன். தெருவில் யார் கேன்சலில் வந்தாலும் முதல் ஆளாகப் பார்க்கப் போவது வாப்பாதான். வேலை இல்லாத மனுஷன், வெட்டிப் பேச்சுக்குப் போகிறார் என்று நானே உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் அடுத்த தெருவுக்கு ஒருவர் துபாயிலிருந்து கேன்சலில் வந்து இறங்கினார். நாற்பது வயதுதான் இருக்கும். "நானும் வாறேன் வாப்பா" என்று கூடப் போனேன்.

அந்த வீட்டில் எல்லோர் முகத்திலும் ஒரு பதற்றம். வந்தவர் யார் கண்ணையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாப்பா அவர் பக்கத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். மீன் மார்க்கெட் இடம் மாறியதைச் சொன்னார். இந்த வருடம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதைச் சொன்னார். நண்டு இப்போது நன்றாக இருக்கிறது, காலையில் ஆறு மணிக்கு வாங்க, சேர்ந்து போய் வாங்கலாம் என்றார். அந்த மனிதர் மெதுவாக நிமிர்ந்து, அண்ணனைக் கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கில், "ஆறு மணிக்கா காக்கா?" என்று கேட்டார்.

முக்கால் மணி நேரம் இருந்தோம். வாப்பா துபாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.