நேற்றிலேயே நின்ற கம்ப்யூட்டர்

மதுரையில் கம்ப்யூட்டர் கோளாறைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான். பொய். கோளாறைச் செய்ததே நான்தான்.

ஓர் இன்டர்நெட் கம்பெனியில் எடுபிடியாக இருந்தேன். சர்வர்கள் எவ்வளவு வேலை பார்க்கின்றன என்று கோடு போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. முகூர்த்த நாளிலேயே பூஜை போட்டு அதை ஓடவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. அன்றைக்கு நான் திருப்பரங்குன்றத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அஷ்டமி. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை தேதி மாற்றுவது. முந்தின நாள் தேதியை வைத்துத் தேங்காய் உடைத்தேன். கம்ப்யூட்டருக்கு இன்னும் முகூர்த்த நாள்தானே! நேற்றே பூஜை போட்டாச்சு என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு கோடும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் கம்பெனி இன்ஜினியருக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். வயரையெல்லாம் பிடுங்கி மாட்டிய அந்த மனுஷன் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அதுல தேதியப் பாருங்கண்ணே."

பார்த்தார். "நேத்துத் தேதி! சர்வர் அனுப்புறது இன்னைக்குக் கணக்கு. இது நாளைக்கு உள்ளதுன்னு வாங்காம உக்காந்திருக்கு. எந்த மடப்பய பாத்த வேல?"

தேதியைத் திருத்தினார். கோடு ஏறியது.

"அது வந்துண்ணே, நேத்து பந்தியில..." என்று ஆரம்பித்தேன்.

வாசலிலிருந்து முதலாளி குரல் கேட்டது. "டேய்! நேத்து முகூர்த்தத்துல போட்ட பூஜைதான்டா கோட்ட வரவச்சிருக்கு. புது ஜெனரேட்டருக்கும் நீயே போடு, வாடா!"