மூணு ரவுண்டு கழிச்சு வாங்க

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். போன மாதம் 'ரவுண்ட்' என்ற சொல்லைப் போர்டில் எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒரு வாண்டு எழுந்து, "தொரை காலையில மலைக்கு வர்றது டீச்சர்" என்றது. "எங்கப்பா சம்பளத்தன்னைக்குப் போடுறது" என்றது இன்னொன்று. திரீவீலில் சும்மா சுற்றிவிட்டு வருவது என்றாள் ஒருத்தி. அகராதியைப் புரட்டினால் ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. போட்டியில் ஒரு சுற்று, துப்பாக்கித் தோட்டா, பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாக வருவது எல்லாம் அந்த ஒரே சொல்தானாம். வட்டம் என்று மட்டும் கடைசிவரை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எடுக்கிற சேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் கொழுந்து ரவுண்டையும் ஒருத்தரும் சொல்லவில்லை பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம். என் கல்யாணமே அந்த ரவுண்டில் மாட்டிக்கொண்டு முழித்தது.

ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடித்து, அது மறுபடி தளிர்த்து, அதே மலைக்குத் திரும்பி வருகிறவரைக்கும் ஒரு ரவுண்டு. என் அம்மாவுக்குக் காலண்டரே அதுதான். சுவரில் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கும், அதில் சாமி படத்தை மட்டும் பார்ப்பார். காய்ச்சல் வந்தது ரெண்டு ரவுண்டுக்கு முன்னால், தேர் இழுப்பது இன்னும் நாலு ரவுண்டில், இப்படித்தான் பேச்சு.

அப்போது நான் ஒருத்தரை விரும்பினேன். மஸ்கெலியா டவுனில் அவர்களுக்குத் துணிக்கடை. டீச்சர்களுக்கு ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சியில் பழக்கம். போனில் அவர் குரலைக் கேட்டாலே எனக்குத் தலை கிறுகிறுக்கும், காலையில் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அம்மா வாய் நிறையச் சரி என்று சொன்னால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அம்மாவோ பிடி கொடுக்கவில்லை.

"டவுன்ல கடை வச்சிருக்கிறவங்க. நான் இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு மலையில நிக்கிறவ. நாளைக்கு உன்னைய 'கொழுந்துக்காரி மக'ன்னு ஒரு சொல்லு சொன்னா என்னால தாங்க முடியாதுடி."

ஒரு நாள் மஸ்கெலியாவிலிருந்து அவருடைய அம்மாவே போன் செய்து, பெண் கேட்டு எப்போது வரலாம் என்று கேட்டார். என் அம்மா தயங்கித் தயங்கி, "இன்னைக்கித்தான் மேமலையை முடிச்சோம். இனி மூணு ரவுண்டு போகட்டுங்க. அன்னைக்கி நான் மலைக்குப் போகாம வீட்டுல இருக்கேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிங்க, மூணு ரவுண்டு" என்று பதில் வந்தது. கடைக்காரம்மாவுக்கு ரவுண்டு எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்தார். புதுச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தார். படங்கையும் கூடையையும் அன்றைக்கு எங்கே ஒளிப்பது என்றுகூட என்னிடம் கேட்டார்.

இதில் ஒரு கோளாறு. எங்கள் தோட்டம் நுவரெலியாவுக்கும் மேலே, பல் கிட்டுகிற குளிரில் இருக்கிறது. கொழுந்து ஆடி அசைந்து வரும், ஒரு ரவுண்டுக்குப் பத்து நாள் ஆகும். மஸ்கெலியாப் பக்கம் மழை ஊற்றும், ஏழே நாளில் தளிர்த்துவிடும். அந்த அம்மா தன் ஊர்க் கணக்கில் இருபத்தோராம் நாள் வேன் பிடித்து, மகனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மகன் எனக்கு ஏழு மெசேஜ் போட்டிருக்கிறார். போனோ சிக்னலுக்காக ஜன்னலில் கிடந்தது. நான் பின்பக்கம் சீயக்காயும் நுரையுமாகத் தலை முழுகிக்கொண்டிருந்தேன்.

வேன் வந்து நின்றதும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நைட்டியோடு கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். வீட்டில் பாதிச் சுவர் வெள்ளை, பாதி கரி. சாரம் மட்டும் கட்டியிருந்த அப்பா, "வாங்க வாங்க" என்று கும்பிட்டபடியே சட்டையைத் தேடி ஓடினார். வேனிலிருந்து இறங்கிய என்னவர் என்னைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பாவி, சிரித்தார்! எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா எங்கம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மேமலைக்கு அடுத்த மலையில" என்றேன்.

"அப்ப நான் போய்ப் பாத்துக்கிறேன்" என்றார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினார், குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று ஏறினார். அடி ஆத்தீ, எல்லாம் போச்சு என்று ஈரத் தலையோடு நானும் பின்னால் ஓடினேன். பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை.

எங்களைக் கண்டதும் அம்மாவின் முகம் செத்துப்போனது. படங்கை அவிழ்க்கக் கை போனது. தேயிலைச் சாயம் ஏறிய விரல்கள் முடிச்சில் தடுமாறின. நாலு நிரை தள்ளி நின்றவர்கள்கூடக் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் அம்மாவை அப்படிப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா அதே நிரையில் மறுபக்கமாக நுழைந்து, இரண்டு கையாலும் கொழுந்து எடுக்க ஆரம்பித்தார். கை பறந்தது. "கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசம் எடுத்தேங்க. கடையெல்லாம் அதுக்கப்புறந்தான். அவுக்காதீங்க, நெரை முடியட்டும்" என்றார். கைநிறையக் கொழுந்தை அம்மாவின் கூடையில் போட்டார்.

அம்மா கூடைக்குள் கையை விட்டுக் கிளறினார். ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், இன்னொன்றையும் பார்த்தார். பிறகு படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எடுத்ததுல பாதி முத்தல். எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் எறங்கணும், சம்பந்தி!"