கை வைத்துச் சூடு பார்க்கிறவர்கள்

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஜில்லுனுதான் கீது" என்று தீர்ப்பு சொல்கிற ஆண்களை எனக்குக் கண்டாலே ஆகாது. காய்ச்சல் பார்க்கிற டாக்டரே இப்போது கையை நம்புவதில்லை. இவர்கள் மட்டும் வெளியே இருக்கிற தகரத்தைத் தொட்டுவிட்டு, உள்ளே இருக்கிற பிராசசருக்கு ஜாதகமே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியை வகிப்பவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பெரிய மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டார். மோட்டாரின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் தாங்க முடிந்தால் மோட்டார் நல்லா இருக்கிறது, சுட்டு எடுத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இதுதான் அவர் அங்கே கற்ற வித்தை. மோட்டாருக்கு அது சரியாகவே இருக்கலாம். அவரோ அதை வைத்து மிக்ஸி, ஃபிரிட்ஜ், செல்போன், பிறந்த குழந்தை எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டார். என் கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா?

நான் கொரட்டூரில் வீட்டிலேயே இருந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். வேலையில் எனக்குப் பிடித்தது ஜனங்களின் பேச்சு. பந்தியில், மேடைக்குப் பின்னால், மைக் இருப்பது தெரியாமல் பேசுவார்கள் பாருங்கள், அது. "மாப்ள சிரிக்கறதப் பாரு, யாரோ சாவி குடுத்துட்ட மாதிரி" என்று ஒரு அம்மா சொன்னதை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மாமா வந்தார். கையில் ஒரு ரெக்ஸின் கவர். ஸ்கூட்டர் சீட் தைக்கிற கடையில் என் கம்ப்யூட்டர் பெட்டிக்கென்றே அளவு கொடுத்துத் தைத்தது. கரும்பச்சை நிறம், ஓரத்தில் மஞ்சள் பைப்பிங். ஒயர் போக மட்டும் பின்னால் ஒரு ஓட்டை. பெட்டிக்குள் காற்று போகிற முன்பக்கச் சல்லடையில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, கவரை மாட்டிவிட்டார்.

"தூசி அண்டாதும்மா. பத்து வருஷத்துக்கு நீ தொறந்தே பாக்க வேணாம்" என்றார்.

மூச்சு விடுகிற மூக்கை அடைத்துவிட்டு, சளி பிடிக்காது என்று சொல்கிற அறிவு இது. எங்கள் வீட்டில் பெரியவர் கொடுத்ததைக் கழற்றினால் அது ஒரு பஞ்சாயத்தாக மாறும். என் வீட்டுக்காரர், "இருந்துட்டுப் போட்டுமே" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்ப வாக்கியம் அது.

கொஞ்ச நாளில் பெட்டி முனக ஆரம்பித்தது. அப்போதுதான் பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தின் நிக்காஹ் வீடியோ என் கைக்கு வந்தது. பெண் சனிக்கிழமை ராத்திரி புருஷனோடு வெளிநாடு கிளம்புகிறாள். பெண்ணின் அம்மா போனில் பேசினார்.

"தங்கச்சி, நான் பொம்பளைங்க பக்கம் வந்தவங்கள கவனிச்சிகினு இருந்தேன். எம் பொண்ணு கையெழுத்து போட்டதக்கூட பாக்கல. அவ கெளம்பறதுக்குள்ள பக்கத்துல உக்கார வெச்சிகினு ஒரே ஒரு தபா பாத்துடணும்மா. அப்பறம் அவ எப்ப வருவாளோ."

"சனிக்கிழமை மத்தியானம் உங்க கையில இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை எடிட் முடிந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரே வீடியோவாக எழுதி முடிக்கிற ரெண்டர் வேலை மட்டும் பாக்கி. அது பல மணி நேரம் ஓடும். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். பாதியில் நின்றது. மறுபடி போட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் டப்பென்று அணைந்தது. என் வீட்டுக்காரர் வழக்கப்படி அண்ணனுக்கு போன் போட்டார்.

மாமா வந்தார். நான் மூன்றாவது தடவையாகப் போட்டு ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் கவர் மேலேயே கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"சூடே இல்லம்மா. பச்சத் தண்ணி மாதிரி கீது."

பிறகு திரையைப் பார்த்தார். ஓரத்தில் நான் திறந்து வைத்திருந்த வேலைக் கணக்குக் கட்டத்தில் பிராசசரின் உபயோகம் நூறு சதவீதம் என்று காட்டியது. அவர் முகம் மாறிவிட்டது.

"நூறா? இன்னாம்மா இது, ஆக்ஸிலேட்டர ஃபுல்லா முறுக்கிகினு கீற? இன்ஜின் சீஸ் ஆயிடும். அம்பதுலயே ஓட்டு. அரை மணிக்கு ஒரு தபா ரெஸ்ட் குடு. மெசினும் மன்சன் மாரிதான்."

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க அறிவு எதுவும் தேவைப்படவில்லை, இணையத்தில் தேடிப் படிக்கிற பொறுமை போதுமாக இருந்தது. வெப்பநிலை காட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். உபயோகம் வேறு, சூடு வேறு. நூறு என்பது பிராசசர் முழு மூச்சாக வேலை செய்கிறது என்பதற்கான கணக்கு. ரெண்டர் ஓடும்போது நூறு காட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கிற டிகிரி. வேலை ஓடும்போது எழுபது, எண்பது எல்லாம் சாதாரணம். தொண்ணூறைத் தாண்டி நின்றால் எங்கோ கோளாறு. நூறை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஒரு சிலிக்கான் துண்டுக்கு இருக்கிற தற்காப்பு புத்தி எங்கள் குடும்பத்தில் பலருக்கு இல்லை.

என் பெட்டி தொண்ணூற்றெட்டில் நின்றது. வெளியே பச்சைத் தண்ணீர்! சூடு வெளியே வர வழி இல்லாததால்தான் வெளியே ஜில்லென்று இருக்கிறது என்பது அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?

கவரைக் கழற்றினேன். தொண்ணூற்றிரண்டு. பெட்டியை அணைத்து, பக்கத் தகரத்தைத் திறந்தேன். ஃபேனுக்கு அடியில் தூசி தலையணைப் பஞ்சு மாதிரி திரண்டிருந்தது. பழைய தூசி அது, என் பங்குதான். அதன் மேல் சாம்பிராணிப் புகை பிசினாகப் படிந்திருந்தது. சல்லடையில் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகி இருந்தது. பெயிண்ட் பிரஷாலும் ஊசியாலும் சுரண்டி எடுத்தேன். குங்குமம் விரலெல்லாம் ஒட்டியது. பரிசோதனைக்கு மறுபடி ஓட்டினேன். நூறு சதவீத உபயோகத்தில் எழுபத்தெட்டு டிகிரி.

அதற்குள் சனிக்கிழமை விடிந்துவிட்டது, உடனே ரெண்டரைப் போட்டேன். பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அப்போது மாமா வந்தார், "ரெஸ்ட் குடுக்குறியான்னு பாக்க வந்தேன்" என்று. காபி போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் ஃபேன் சத்தம் இல்லை. திரை கறுப்பு. மாமா கவரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தாம்மா. இன்னும் நூறுலயே நிக்குது. நான் மட்டும் வரலன்னா இந்நேரம் ஊடே பத்திகினு இருக்கும்."

காபியைக் கீழே வைத்தேன். அவர் தலையில் ஊற்றாததற்குக் காரணம் மரியாதை இல்லை, பால் அன்றைக்குக் கொஞ்சமாகத்தான் இருந்தது. பூந்தமல்லியில் ஒரு அம்மா, மகளைப் பக்கத்தில் உட்கார வைக்க டிவிக்கு முன்னால் பாய் விரித்துக்கொண்டிருப்பார். இங்கே இந்த மனிதர் தீயணைத்த பெருமையோடு நிற்கிறார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. உங்க ஃபேக்டரில ஒருநாள் நூறு பர்சன்ட் ஆளும் வந்து வேலை செஞ்சா மேனேஜர் இன்னா பண்ணுவாரு? ஸ்வீட் குடுப்பாரா, மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிட்டு எல்லாரையும் ஊட்டுக்குத் தொரத்துவாரா?"

மாமா உண்மையாகவே யோசித்தார். "நூறு பர்சன்ட் ஆளும் வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லயேம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கவரைப் பிடுங்கி மாமா கையிலேயே கொடுத்தேன். "இத உங்க ஸ்கூட்டர் சீட்டுக்குப் போடுங்க மாமா. அதுக்கு மூச்சு வேணாம்."

மறுபடி முதலிலிருந்து ரெண்டர். மத்தியானம் போயிற்று, இனி சாயங்காலம்தான். அந்த அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "ராவுக்கு வண்டி சொல்லியிருக்கு தங்கச்சி. அதுக்குள்ள முடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மாமாவை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி வந்துவிடுவார். அதனால் ஒரு நாற்காலியைப் போட்டு, டிகிரி எண்ணைக் காட்டி, "இது தொண்ணூறத் தாண்டினா மட்டும் கூப்பிடுங்க. கைய மடியில வெச்சிக்குங்க" என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கோர் சொல்கிற மாதிரி, "எழுபத்தொம்போது... எம்பது... இறங்குதும்மா, எழுபத்தெட்டு!" என்று சாயங்காலம் வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தார். உபயோகம் முழுநேரமும் நூறிலேயே நின்றது. வீடு பற்றிக்கொள்ளவில்லை.

முடிந்ததும் என் வீட்டுக்காரர் பென் டிரைவை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்கு வண்டியை விரட்டினார். நான் ஒன்றும் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு அந்த அம்மா கூப்பிட்டார்.

"கையெழுத்து போடற எடம் வரைக்கும் பாத்தோம் தங்கச்சி. அதுக்குள்ள வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான். என் கையப் புடிச்சிகினேதான் பாத்தா. மீதி அப்டியே கீது, அவ வரும்போது சேந்து பாக்கறோம்னு சொல்லிட்டுப் போயிட்டா."

மாமா அணைக்காமல் இருந்திருந்தால் முழுசாகப் பார்த்திருப்பார்கள். மத்தியானமே போயிருந்தால் ரெண்டு தடவை பார்த்திருப்பார்கள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நான் ஆரம்பிப்பதற்குள் மாமா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"கவலப்படாதீங்கம்மா. காலைலேருந்து நான் கூடவே உக்காந்து பாத்துகினேன். கைய வெச்சிகூட பாக்கல, நம்பர வெச்சே பாத்தேன்" என்றார்.

அந்த அம்மா அவருக்கு நெடுநேரம் நன்றி சொன்னார்.