நைனாவுக்கு வந்த மீன் எண்ணெய்

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மறதி என்று நான் ஒப்புக்கொண்டது, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவி வந்து, "இன்னும் சோறு ஆவலியா?" என்று அவர் கேட்ட நாளில்தான். அதற்கு முன்பும் பல தடவை கேட்டிருந்தார். காதில் விழாதவள் போல இருந்துவிட்டேன்.

விழுப்புரத்து டாக்டர் பாதி நேரம் எண்ணெயைப் பற்றியே பேசினார். வனஸ்பதி வேண்டாம், வடை சுட்ட எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டாம், நெய் அளவாக, கடலை எண்ணெய் இருக்கட்டும். கடைசியில், "மீன் சாப்பிடுவாரா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சமணர்கள். நைனா பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருமுன் சமையல்காரரைக் கூப்பிட்டு, குழம்பில் என்னென்ன போட்டாய், எந்த எண்ணெய் என்று குறுக்கு விசாரணை செய்வார். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

"மீன் கொழுப்பு மூளைக்கு நல்லதுன்னு சொல்றாங்க. ஆனா போன ஞாபகம் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர்.

நான் அதோடு விட்டுவிட்டேன். சென்னையில் இருக்கும் தம்பி விடவில்லை. கூரியரில் ஒரு பாட்டில் மீன் எண்ணெய் மாத்திரை வந்து இறங்கியது.

"ஆபத்துக்குப் பாவம் இல்லக்கா. அவருக்கா தெரியப்போவுது?" என்றான் போனில்.

அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருந்தது. பாட்டிலை அலமாரியில் நெய் டப்பாவுக்குப் பின்னால் தள்ளினேன். தூக்கி எறியவும் மனசு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நைனா என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். அவருடைய அக்கா செத்துப் பல வருஷம் ஆகிறது. நான் உங்கள் மகள் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார், நம்பவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நேரே போய்ப் பாட்டிலைத் திறந்து, ஒரு மாத்திரையை நைனாவின் கையில் வைத்தேன்.

"இன்னாக்கா இது?"

"எண்ணெ மாத்திர."

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாயில் போடவில்லை. செஞ்சி பஜாரில் ஐம்பது வருஷம் மல்லாட்டை வியாபாரம் செய்தவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பருப்பை நகத்தால் கீறி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்துத்தான் விலை சொல்வார். அதே மாதிரி மாத்திரையைக் கீறினார். உறை கிழிந்து எண்ணெய் விரலில் வழிந்தது. மோந்தார். முகம் சுளித்தது.

"மல்லாட்ட எண்ணெ இல்லியே. இன்னா எண்ணெ?"

நான் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, நீ குடுத்தா நல்லதாத்தான்க்கா இருக்கும்," என்று விரலை வாய்க்குக் கொண்டுபோனார்.

என்னால் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன். ஏன் என்று கேட்காமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மாத்திர கரெக்டா குடுக்குறியாக்கா?" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி கேட்கிறான். "குடுக்குறேன்டா" என்கிறேன். நைனாவிடம் சொல்ல வராத பொய் அவனிடம் தடையில்லாமல் வருகிறது. வீட்டில் வடையை நிறுத்தியாயிற்று. நெய் ஒரு ஸ்பூன்தான். மீன் எண்ணெய்க்குப் பதிலாக மோரில் ஆளி விதைப் பொடி கலந்து தருகிறேன், குடிக்கிறார். பாட்டில் நெய் டப்பாவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. நைனா என்னை மகள் என்று கூப்பிட்டு ஐந்து மாதம் ஆகிறது. கொடுத்திருந்தால் கூப்பிட்டிருப்பாரோ என்று, நெய் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.